சொல்லின்றி ஒலிக்கும் குரல்: சில ஜாஸ், பொப் இசைத்தட்டுக்களை முன்வைத்து

சென்ற மாதத்து விடுமுறை நாளொன்றிலே நண்பர் சிலர் ஒன்றுகூடிப் பழைய இசைத்தட்டுக்கள் சிலவற்றை முதலிலிருந்து முடிவுவரை கேட்டோம். கூடியிருந்தோர் அனைவரும் இலக்கிய ஈடுபாடுடையோர். கலையை மக்கள் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்ற கருத்திலே உறுதியானவர்கள். ஜோன் கோல்ட்ரேன் என்னும் கறுப்பினக் கலைஞரின் ‘அலபாமா’ ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஒலித்து அடங்கியது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் நண்பரொருவர், “உள்ளத்தைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் இதிலே சொல் ஒன்றுமே இல்லையே. சொல் இல்லாதபோது கலைஞன் யாருடைய பக்கத்தில் நிற்கிறான் என்பதை எவ்வாறு அறிவது?” என்று கேட்டார்.

இக்கேள்வியை அறியாமையின் பாற்பட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. முற்போக்கு விமர்சனத்தின் அடிப்படைக் கேள்விகளுள் இஃதொன்று. நாமும் பல்லாண்டுகளாக இதனைக் கேட்டு வந்தவரே. தமிழைப் பாடமாகப் பயின்று தமிழையே கற்பித்து வருபவர் என்ற முறையிலே, சொல்லில் பொருளைத் தேடுவது எமக்குப் பழக்கமாகிவிட்டது. பாட்டு என்றால் அதன் வரிகளை எழுதிப் பார்ப்போம்; அவ்வரிகளிலே உழைப்பாளியின் குரல் உண்டா, ஒடுக்குமுறைக்கு எதிர்ப்பு உண்டா என்று நோக்குவோம்; உண்டெனில் நல்ல பாட்டு, இல்லையெனில் வெறும் பொழுதுபோக்கு எனத் தீர்ப்பளிப்போம். சொல்லே இல்லாத இசையின் முன் இவ்வளவுகோல் பயனற்றுப் போகிறது. அவ்வாறு பயனற்றுப் போகும்போது, குறை அளக்கப்படும் பொருளில் உள்ளதா, அளவுகோலில் உள்ளதா என்று ஆராய்வது விமர்சகனின் கடமை. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

ஜாஸ் இசை விடயத்திலே நம்மிலும் பெரியோர் தவறியிருக்கின்றனர். மக்சிம் கோர்க்கி 1928ஆம் ஆண்டிலே ‘பிராவ்தா’வில் எழுதிய கட்டுரையொன்றில் ஜாஸைக் கொழுத்தவர்களின் இசை என இகழ்ந்தார். இத்தாலியிலே தாம் தங்கியிருந்த இடத்துக்கு அயலிலுள்ள விடுதியின் வானொலி, இரவின் அமைதியைக் குலைத்து ஒலித்ததைக் கேட்டே அவர் அவ்வாறு எழுதினார். செல்வரின் விடுதியிலே ஒலித்தமையால் அது செல்வரின் இசையாயிற்று! அவ்விசையை ஆக்கியோர் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் என்பது அவர் கருத்திலே போதிய அழுத்தம் பெறவில்லை. 1936இலே ஜேர்மன் மாக்சிய அறிஞரான அடோர்னோ, புனைபெயரில் வெளியிட்ட ஆய்விலே, ஜாஸின் சுதந்திரம் வெறுந்தோற்றமே என்றும் அடிப்படையில் அது சந்தைப் பண்டமே என்றும் வாதிட்டார். அவருடைய வாதத்திலே உண்மை அறவே இல்லையென்று கூறமாட்டோம். ஆயினும் நடனமண்டபங்களுக்கும் வானொலிக்குமெனச் செய்யப்பட்ட சரக்கை ஆதாரமாகக் கொண்டு ஒரு மக்கட்கூட்டத்தின் இசை முழுவதற்கும் தீர்ப்பு வழங்கியமை ஏற்கத்தக்கதன்று.

இடதுசாரிகள் இவ்வாறு வெறுத்து ஒதுக்கிய இசையை அமெரிக்க அரசு தனக்கு வேண்டியவாறு பயன்படுத்திக்கொண்டது. 1956ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு வெளிவிவகாரத் திணைக்களம் ஜாஸ் குழுக்களை உலகெங்கும் அனுப்பிற்று. 1958இலே டேவ் புருபெக்கின் குழுவும் 1963இலே டியூக் எலிங்டனின் குழுவும் இத்திட்டத்தின்கீழ் இலங்கைக்கும் வந்து சென்றன. கறுப்பினக் கலைஞன் மேடையேறி வாசிப்பதே அமெரிக்காவில் சுதந்திரம் நிலவுவதற்குச் சான்று என்று காட்டுவது திட்டத்தின் உட்கருத்து. ஆனால் அதே ஆண்டுகளிலே அந்நாட்டின் தென்மாநிலங்களில் அக்கலைஞன் வெள்ளையர் உணவகத்தில் அமர்ந்து ஒரு கோப்பை கோப்பி அருந்த முடியாது. 1957ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ஆர்கன்சா மாநில ஆளுநர் ஓர்வல் போபஸ், லிற்றில் றொக் நகர உயர்பாடசாலைக்குள் ஒன்பது கறுப்பின மாணவர் நுழைவதைத் தடுக்க ஆயுதந்தாங்கிய மாநிலப் படையை நிறுத்தினார். அவ்வேளை, எப்போதும் சிரித்த முகத்தோடு காட்சி தந்த லூயி ஆம்ஸ்ரோங் அரசைப் பகிரங்கமாகக் கண்டித்து, அதன் ஆதரவில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் கைவிட்டார். சிரிப்பை மட்டுமே கண்டு பழகியோர் திகைத்தனர்.

ஒருசாரார் ஜாஸை முதலாளித்துவச் சீரழிவு என்றனர். மறுசாரார் முதலாளித்துவ நாட்டின் வெற்றிக்கொடி என்றனர். இருசாராரும் அதனை ஒரு விளம்பரப் பலகையாகவே நோக்கினர். பலகைக்குப் பின்னால் ஒலித்த இசையைக் காதுகொடுத்துக் கேட்டோர் சிலரே.

கேட்பதென்றால் எதனைக் கேட்பது? இதற்கு விடைகூறுமுன் இசைத்தட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1948ஆம் ஆண்டிலே கொலம்பியா நிறுவனம் 33⅓ தடவை சுழலும் நெடுந்தட்டை அறிமுகஞ் செய்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேற்பட்ட இசையை அது தாங்கியது. கலைஞனுக்கு இது புதியதொரு வடிவத்தைக் கொடுத்தது. தனிப்பாடலுக்கும் காப்பியத்துக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. எதனை முதலில் வைப்பது, எதனை அடுத்து வைப்பது, எவ்விடத்திலே பக்கத்தைத் திருப்பச் செய்வது என்பனவெல்லாம் பொருளுடையனவாயின. பன்னிரண்டு அங்குலச் சதுரமான உறையின் முகப்பும், பின்புறத்திலே அச்சிடப்பட்ட குறிப்பும், வாசித்தோர் பெயர்களும் ஆக்கத்தின் உறுப்புகளாயின. தட்டு, வரிசை, உறை என்னும் மூன்றையும் சேர்த்தே நாம் இங்கே இசைத்தட்டு என்று குறிப்பிடுகின்றோம்.

சொல்லின் நிலையை முதலில் நோக்குவோம். சந்தை முதலில் அஞ்சுவது சொல்லையே. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை மரத்திலே தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பற்றி, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியைச் சேர்ந்த பாடசாலை ஆசிரியரான ஏபெல் மிரோபோல் ஒரு கவிதை எழுதினார். அது 1937இலே ஆசிரியர் தொழிற்சங்க இதழொன்றில் வெளிவந்தது. பின்னர் அவரே அதற்கு இசையமைத்தார். ‘ஸ்ட்ரேஞ் புரூட்’ என்னும் அப்பாடலை 1939இலே பில்லி ஹொலிடே பாடியபோது, அவர் ஒப்பந்தஞ் செய்திருந்த கொலம்பியா நிறுவனம் அதனைப் பதிவுசெய்ய மறுத்தது. ‘கொமடோர்’ என்ற சிறு நிறுவனமே அதனை வெளியிட்டது. ஆசிரியர் ஒருவர் எழுதிய வரிகள் இவ்வாறு பெரு நிறுவனத்தை அச்சுறுத்தியமை எமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. சொல்லைத் தடுப்பது எளிது. வாயிலில் நிற்பவன் அதனைப் படித்துப் பார்த்துத் திருப்பியனுப்பிவிடலாம். எனவே, எதிர்ப்பு சொல்லிலே மட்டும் தங்கியிருப்பின் அதன் ஆயுள் வாயில்காப்போன் கையில் உள்ளது.

இருபது ஆண்டுகளின் பின்னர் சாள்ஸ் மிங்கஸ் இவ்வாயிலைக் கடந்த முறை ஆராயத்தக்கது. 1959இலே அதே கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘மிங்கஸ் ஆ அம்’ என்ற இசைத்தட்டிலே ‘பேபிள்ஸ் ஒவ் போபஸ்’ என்றோர் இசை இடம்பெற்றது. ‘போபஸ் கதைகள்’ என்பது பொருள். மாணவரைத் தடுத்த அதே ஆளுநரே இதன் நாயகர்! இத்தட்டிலே சொல் இல்லை. ஆயினும் அதன் மெட்டைக் கேட்போர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஊதுகருவிகள் கனத்த கால்களை இழுத்து இழுத்து நடக்கின்றன. மிடுக்காக நடக்க முயன்று தடுமாறுகின்றன. திடீரென வேகங்கொண்டு மறுபடியும் தளர்கின்றன. ஊர்ப் பெரியமனிதனின் நடையைச் சிறுவர் தெருவிலே நடித்துக் காட்டுவது போன்றது இது. அடுத்த ஆண்டு, 1960இலே, ‘கண்டிட்’ என்ற சிறு நிறுவனத்துக்காக மிங்கஸ் இதனையே மீண்டும் பதிவுசெய்தார். இம்முறை சொற்கள் உண்டு. மிங்கஸ் வினவுகிறார், முரசு வாசிக்கும் டனி றிச்மண்ட் விடை கூவுகிறார், ஆளுநரும் அவரையொத்தோரும் பெயர்சொல்லி ஏளனஞ் செய்யப்படுகின்றனர்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எமக்குத் தோன்றியதைக் கூறுவோம். சொற்களையுடைய பதிவு துணிவுமிக்கது. நான்கே கருவிகளைக் கொண்டமையால் கூர்மையும் மிக்கது. ஆனால் ஆளுநரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சொற்களல்ல. முதற்பதிவிலேயே மெட்டு அவரை ஏற்றிவிட்டது. சொற்கள் பின்னர் வந்து சாட்சி கூறின. முதற்பதிவிலே இருந்த ஒரேயொரு சொல் தலைப்பு. அந்த ஒரு பெயரே வாயிலைக் கடந்து உள்ளே வந்து, முழு இசையையும் எதிர்ப்பாக்கிவிட்டது. இத்தலைப்பை மறைத்துவிட்டால் என்னாகும் என்ற வினாவையும் இங்கேயே எழுப்பி வைப்போம். பின்னர் அது தேவைப்படும்.

1960ஆம் ஆண்டிலே பதிவான மக்ஸ் ரோச்சின் ‘வி இன்சிஸ்ட்’ என்னும் இசைத்தட்டு வேறு வகையினது. ‘நாம் வலியுறுத்துகிறோம்’ என்ற தலைப்பே ஒரு கோரிக்கை. உறையின் முகப்பிலே உணவகமொன்றின் மேசை முன் அமர்ந்திருக்கும் மூன்று கறுப்பின மனிதர் திரும்பி எம்மை நோக்குகின்றனர். மேசைக்கு அப்பால் வெள்ளையரான பணியாளர் நிற்கிறார். அவ்வாண்டு பெப்ரவரி 1ஆம் திகதி கிறீன்ஸ்பொரோ நகரிலே நான்கு மாணவர் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட மேசையில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தை அப்படம் நினைவூட்டுகிறது. பாடல் வரிகளிற் பெரும்பாலனவற்றை ஒஸ்கார் பிறவுண் எழுதினார். பாடியவர் அபி லிங்கன். ஐந்து பகுதிகளும் வரலாற்று வரிசையில் அமைந்துள்ளன: அடிமைத்தனம், விடுதலை நாள், போராட்டம், ஆபிரிக்கா, ஈற்றிலே ஜொகன்னஸ்பேர்க்குக்காகச் சிந்தும் கண்ணீர். 1960 மார்ச் 21ஆம் திகதி தென்னாபிரிக்காவின் சார்ப்வில்லிலே பொலிஸார் சுட்டு 69 பேர் மாண்டனர். சில மாதங்களுக்குள் அத்துயரம் நியூயோர்க்கிலே ஒரு தட்டிற் பதிந்துவிட்டது.

முதற்பகுதியாகிய ‘டிரைவா மான்’ அடிமைகளை வேலைவாங்கிய கங்காணியைப் பற்றியது. ஐந்தெண்ணிக்கைத் தாளத்திலே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் விழும் அடி சாட்டையின் அடியாகவே ஒலிக்கிறது. இதிலே சக்ஸபோன் வாசித்த கோல்மன் ஹோக்கின்ஸ் அப்போது ஐம்பத்தாறு வயதை எட்டிக்கொண்டிருந்த மூத்த கலைஞர். வாசிப்பின் நடுவே அவருடைய கருவி ஓரிடத்திலே கீச்சிட்டது. அதனை நீக்கிவிடலாம் என்று மற்றையோர் கருதியபோது அவர் இணங்கவில்லை. இத்தகையதோர் ஆக்கத்திலே எல்லாம் குறையற்று இருந்தால் அதுவே பெருங்குறை என்பது அவர் கருத்து. அக்கீச்சொலி இன்றும் தட்டிலே இருக்கிறது. அழகியல் பற்றி நாம் படித்த நூல்கள் பலவற்றினும் அக்கருத்து எமக்கு அதிகம் கற்பித்தது.

நடுப்பகுதியாகிய ‘டிரிப்டிக்’ இத்தட்டின் உச்சம். மன்றாட்டு, எதிர்ப்பு, அமைதி என மூன்று பிரிவுகளாலான இப்பகுதியிலே ஒரு பெண்ணின் குரலும் முரசுகளும் மட்டுமே உண்டு. சொல் ஒன்றேனும் இல்லை. மன்றாட்டிலே குரல் தாழ்ந்து தேம்புகிறது. எதிர்ப்பிலே அபி லிங்கன் பாடவில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேலாக அலறுகிறார். இறுதியிலே ஓட்டமுடித்தவரின் மூச்சுப்போலக் குரல் தளர்ந்து தணிகிறது. அன்று கூடியிருந்தோரில் ஒருவர் இவ்விடத்திலே எழுந்து ஒலியைக் குறைக்கப் போனார். அயல்வீட்டார் என்ன நினைப்பரோ என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சமே அவ்வலறலின் வெற்றி எனலாம்.

இத்தட்டிலே எமக்குக் குறையாகப் பட்டதையும் கூறுதல் வேண்டும். ‘ஓல் ஆபிரிக்கா’ என்ற நான்காம் பகுதியின் பெரும்பாகத்திலே ஆபிரிக்க இனக்குழுக்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நோக்கம் உயர்ந்தது; பிரிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன் உறவினரைப் பெயர்சொல்லி அழைக்கிறது. நைஜீரியரான பாபதுண்டே ஒலதுஞ்சியின் முரசும் உயிரோட்டமானது. எனினும் பெயர்கள் நீள நீள அது ஒரு பட்டியலாகிவிடுகிறது. பொருளைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவிலே கலை சற்று ஓய்ந்துவிடுகிறது. ஆக, முழுத்தட்டிலும் சொல் மிகுந்த இப்பகுதி சொல்லற்ற பகுதியிலும் வலுக்குன்றியிருக்கிறது. நண்பரின் கேள்விக்கு இதுவே முதல் விடை: கலைஞனின் பக்கத்தை அறியச் சொல் உதவும், ஆனால் சொல் இருப்பதனாலேயே கலை வலுப்பெற்றுவிடாது.

கலை வேறு, அரசியல் வேறு என்போரும் அக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. 1961இலே அபி லிங்கன் வெளியிட்ட அடுத்த இசைத்தட்டை ‘டவுண் பீற்’ சஞ்சிகையிலே மதிப்பிட்ட வெள்ளையரான விமர்சகர், தமது கறுப்பினத்தன்மையையே அவர் தொழிலாக்கிக்கொண்டார் எனும் பொருள்பட எழுதினார். கறுப்பினத்தவர் மகிழ்ச்சியூட்டினால் கலைஞர். துன்பத்தைக் கூறினால் பிரசாரகர்! இத்தகைய தீர்ப்பு எம்மொழி எழுத்தாளருக்கும் புதியதன்று.

இனி ‘அலபாமா’வுக்கு வருவோம். 1963 செப்டெம்பர் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரத் தேவாலயமொன்றிலே இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். ஒருத்திக்கு வயது 11. ஏனைய மூவருக்கும் வயது 14. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் திகதி கோல்ட்ரேன் தமது நால்வர் குழுவோடு இவ்விசையைப் பதிவுசெய்தார். பியானோவின் தாழ்ந்த சுரங்கள் அதிர்ந்துகொண்டிருக்க, அதன்மீது சக்ஸபோன் மெல்லச் சில சொற்றொடர்களை உச்சரிப்பதுபோல் வாசித்து நிறுத்துகிறது. நடுவிலே தாளம் பிறந்து இசை நடக்கத் தொடங்குகிறது. சற்றே ஆறுதல் கிட்டுமோ என்று நாம் எண்ணும்போது நின்றுவிடுகிறது. மறுபடியும் அதே ஒப்பாரி. ஈற்றிலே எல்வின் ஜோன்ஸின் முரசு அடியிலிருந்து பொங்கி எழுகிறது. ஜாஸ் கலைஞன் தன் மனோதர்மத்தை விரித்துக் காட்டுவதற்கு இங்கே வாய்ப்புண்டு. கோல்ட்ரேன் அவ்வாய்ப்பைத் துறக்கிறார். தன் திறமையைக் காட்ட மறுப்பதே இவ்விசையின் அறம் என்று நாம் கருதுகின்றோம். நான்கு பிள்ளைகளின் சவத்தின் முன் எவரும் வித்தை காட்டுவதில்லை. இங்கும் சொல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தலைப்பாக வாயிலில் நிற்கும் ஊரின் பெயர்.

எனின், எல்லா நல்ல இசையும் எதிர்ப்பிசைதானா? அவ்வாறு கூறுவது இன்னொரு தவறாகும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒவ் புளூ’ 1959ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் இருநாட்களிலே பதிவுசெய்யப்பட்டு, ஓகஸ்டிலே வெளிவந்தது. ஜாஸ் தட்டுக்களில் மிகுதியாக விற்பனையானவற்றுள் ஒன்று. இதிலே எந்த ஆளுநரின் பெயரும் இல்லை; எவரும் அலறவில்லை. விரைந்து மாறும் சுரக்கூட்டங்களின் நெருக்கடியைக் கைவிட்டு, ஒரு சில சுர வரிசைகளையே களமாகக் கொடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்தை ஆறுதலாக விரிக்க இடமளித்தார் டேவிஸ். கலைஞருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டவை சிறு குறிப்புகளே. எனவே ஒருவர் வாசிப்பதை மற்றவர் கூர்ந்து கேட்டாலன்றி இசை நடவாது. இத்தட்டின் அமைதி சோம்பலினால் வந்த அமைதியன்று; செவிசாய்ப்பதால் வந்த அமைதி. ஐந்து இசைகளுள் நான்கிலே பியானோ வாசித்த பில் எவன்ஸ் வெள்ளையர், ஏனையோர் கறுப்பினத்தவர். தென்மாநிலங்களிலே ஒரே மேசையில் உணவருந்த முடியாதோர் இங்கே ஒருவரையொருவர் கேட்டபடி ஒன்றாக உழைத்தனர்.

இத்தட்டு வெளிவந்து சில நாட்களின் பின்னர், தாம் வாசித்துக்கொண்டிருந்த நியூயோர்க்கின் ‘பேர்ட்லண்ட்’ மண்டபத்து வாயிலிலே இடைவேளையில் நின்ற டேவிஸைப் பொலிஸார் அவ்விடத்தை விட்டு அகலுமாறு பணித்தனர். தாம் அங்கே வாசிப்பவர் என்று கூறியும் பயனில்லை. தலை உடையுமாறு தாக்கிக் கைதுசெய்தனர். இந்நிகழ்ச்சியை அறிந்த பின் ‘கைண்ட் ஒவ் புளூ’வை எதிர்ப்பிசையாகக் காட்டிவிடும் ஆசை எழுவது இயல்பு. அதற்கு நாம் இடங்கொடுக்கவில்லை. இசை முன்னரே பதிவாகிவிட்டது. தாக்குதலுக்கு அது மறுமொழியன்று. ஆனால் மண்டபத்தினுள் நிலவிய ஒழுங்குக்கும் வாயிலில் நிலவிய ஒழுங்குக்கும் இடையிலான தூரத்தை இத்தட்டு அளந்து காட்டுகிறது. மனிதர் எவ்வாறு கூடி வாழலாம் என்பதை உணர்த்துவதும் முற்போக்குக் கலையின் பணியே. ‘கைண்ட் ஒவ் புளூ’ அதனை உணர்த்துகிறது. அதற்கு மேல் நாம் அதன்மீது எதனையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாகப் பொப் இசையையும் நோக்குவோம். ஜாஸைப் போற்றுவோரிற் சிலரும் பொப் இசையைச் சந்தைச் சரக்கென்று தள்ளிவிடுகின்றனர். டிட்றொயிட் நகரில் 1959இலே தோன்றிய ‘மோட்டவுன்’ நிறுவனத்தை நோக்கின் அதற்குக் காரணமும் உண்டு. அதன் தலைவர் பெரி கோடி மோட்டார் வண்டித் தொழிற்சாலையிலே வேலைசெய்தவர். வண்டியின் உறுப்புகள் வரிசையாகப் பூட்டப்படுவது போன்றே பாட்டும் அங்கே உருவாக்கப்பட்டது. வெற்றி பெற்ற பாடல்களுக்கெல்லாம் பின்னணி வாசித்த கலைஞரின் பெயர்கள் உறைகளில் இடம்பெறுவதில்லை. அத்தொழிற்சாலையின் நட்சத்திரமான மார்வின் கே, வியட்நாமிலிருந்து மீண்ட தம் சகோதரனின் அனுபவங்களால் உலுக்கப்பட்டு, ‘வட்ஸ் கோயிங் ஒன்’ என்ற பாடலைப் பதிவுசெய்தார். பாடலின் கரு, தோழர் ஒருவர் கலிபோர்னியாவிலே பொலிஸாரின் வன்செயலை நேரிற் கண்டதால் பிறந்தது. விலைபோகாது என்று தலைவர் தயங்கினார். 1971 ஜனவரியிலே பாடல் வெளிவந்து பெருவெற்றி பெற்றபின், அவ்வாண்டு மே மாதத்திலே முழு இசைத்தட்டும் வெளியாயிற்று.

போர், வேலையின்மை, போதைப்பொருள், மாசடைந்த இயற்கை, நகரத்து வறுமை என்பன இதன் பொருள்கள். ஒரு பாடல் முடியுமுன் அடுத்தது தொடங்குகிறது. துன்பங்கள் தனித்தனியானவையல்ல என்பதை இத்தொடர்ச்சியே உணர்த்துகிறது. பல இடங்களில் மார்வின் கேயின் குரலுக்கு அவரது குரலே துணைநிற்கிறது. கேட்க இனிமையான இவ்விசையுள்ளே ஆழ்ந்த துயரம் ஓடுகிறது. பின்னணிக் கலைஞரின் பெயர்கள் உறையிலே அச்சிடப்பட்ட முதல் மோட்டவுன் இசைத்தட்டும் இதுவே. பேஸ் கிற்றார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் விரல்களைப் பல்லாண்டுகள் கேட்டுவந்த மக்கள் அவர் பெயரை அன்றே அவ்வுறைகளிற் கண்டனர். உழைப்பவனின் பெயரை உழைப்பின்மீது பொறிப்பது சிறிய காரியமன்று. எனினும் இத்தட்டிலே குற்றவாளிக்குப் பெயரில்லை. துன்பம் ஏன் என்று கேட்கிறது. துன்பத்துக்குக் காரணர் யார் என்று கேட்பதில்லை. ஈற்றிலே இறைவனிடம் திரும்பிவிடுகிறது. மிங்கஸ் ஒரே பெயராற் சாதித்ததை மார்வின் கே ஒன்பது பாடல்களிலும் செய்யவில்லை. ஆனால் மிங்கஸின் தட்டு எட்டாத இலட்சக்கணக்கான வீடுகளை அவருடைய தட்டு எட்டிற்று. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் ஏற்று மற்றையதைத் தள்ளுதல் எமக்கு உடன்பாடன்று.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? சொல்லைத் தேடியது எமது தவறன்று. சொல்லைத் தவிர வேறெதனையும் தேடாமையே தவறு. தாளத்தின் அடி, மெட்டின் நடை, நீக்கப்படாத கீச்சொலி, துறக்கப்பட்ட வித்தை, பாடல்களின் வரிசை, உறையிலே பொறித்த பெயர்கள் ஆகிய யாவும் கலைஞனின் பக்கத்தைக் கூறுவனவே. உருவத்தை ஆராய்வது அழகியல்வாதிகளின் வேலையென்று அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் கையிற் பிடித்திருந்தோமெனில், கலையின் பெரும்பாகத்தை நாமே எதிரணிக்குத் தாரைவார்த்தவராவோம்.

இந்த முடிவு இன்று அவசரமானதும் ஆகும். இவ்விசைகள் அனைத்தும் இப்போது கைத்தொலைபேசியிலே நொடிப்பொழுதில் கிடைக்கின்றன. எமது பாடசாலை மாணவரும் விரும்பினால் இன்றிரவே ‘அலபாமா’வைக் கேட்கலாம். இவ்வசதியை நாம் வரவேற்கின்றோம். ஆனால் இசை வந்து சேரும் வழியிலே தட்டு உடைந்து தனித்தனித் துண்டுகளாகிவிடுகிறது, வரிசை குலைகிறது, வாசித்தோர் பெயர் மறைகிறது, உறை விரல்நகத்தளவு படமாகச் சுருங்குகிறது. மாலைநேர ஓய்வுக்கு, படிப்புக்கு, உறக்கத்துக்கு என்று தொகுக்கப்பட்ட பட்டியல்களிலே ‘கைண்ட் ஒவ் புளூ’வின் ஒரு பகுதி ஒலிக்கிறது, அடுத்ததாகக் கோல்ட்ரேன் ஒலிக்கிறார். தலைப்பை எவரும் பார்ப்பதில்லை. முன்னர் எழுப்பி வைத்த வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. வாயிலிலே நின்ற அந்த ஒரு சொல்லும் நீங்கியபின் நான்கு சிறுமியரின் ஒப்பாரி தேநீர்க்கடையின் பின்னணி ஒலியாகிவிடுகிறது. அன்று சந்தை சொல்லைத் தடுத்தது. இன்று எதனையும் தடுக்க வேண்டிய தேவை அதற்கில்லை. எல்லாவற்றையும் பெயரின்றி ஓடவிட்டாற் போதும்.

ஆகவே, உறை செய்துவந்த வேலையை யாரேனும் செய்தாக வேண்டும். இசை எங்கே பிறந்தது, எந்த ஆண்டிலே, யார் வாசித்தனர், எந்தத் துயரத்தின் முன் நின்று வாசித்தனர் என்பவற்றைக் கேட்போன் கையிலே கொடுப்பதற்கு ஒருவர் தேவை. ஆசிரியனுக்கும் விமர்சகனுக்கும் இன்று உரிய பணிகளுள் இதுவும் ஒன்று. கேள்வி கேட்ட நண்பருக்கு அன்று நாம் நீண்ட விளக்கம் எதுவும் கூறவில்லை. பேர்மிங்ஹாம் தேவாலயத்தில் நிகழ்ந்ததையும், அது நிகழ்ந்த நாளையும், சிறுமியரின் வயதுகளையும் மட்டும் கூறினோம். அவர் சற்றுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “இன்னொருமுறை போடுங்கள்” என்றார்.